முதல் திறப்பு

செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஒன்பது மணிக்கு வேலைக்கு வரும். வேலை பார்க்கத் தொடங்குவது பத்துக்கு. இடைப்பட்ட நேரத்தில் அது மாவு மில் மாதிரி இரையும், முதுகில் கை வைத்தால் சுடும், திரையில் ஒரு வட்டம் சலிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். மனிதர் யாராவது இப்படி இருந்திருந்தால் அண்ணாச்சி ஒரே வாரத்தில் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருப்பார். கம்ப்யூட்டர் என்பதால் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தார்.

தூத்துக்குடி துறைமுகம் வழியாகப் போகும் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருவது அவர்கள் தொழில். ஆட்கள் மூன்று பேர். அண்ணாச்சி. இருபது வருஷமாகக் காகிதம் பார்க்கும் பிலோமி அக்கா. முப்பத்தொரு வயது கிளைட்டன். அவன் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். நியாயப்படி அந்தக் கம்ப்யூட்டரை அவன்தான் சரிபார்த்திருக்க வேண்டும். பதினான்கு மாதமாக அவன் அதன் பக்கம் போகவில்லை. அவனை யாரும் போக விடவும் இல்லை.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவன் மனைவி அனிஷா காய்ச்சலில் விழுந்தாள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு இல்லை. ஒரு மாதம் கழித்து கிளைட்டன் வேலைக்கு வந்தபோது அவனுடைய மேசை ஜன்னலோரம் நகர்ந்திருந்தது. அதன்மேல் புது லேப்டாப் ஒன்று இருந்தது.

"வெளிச்சம் நல்லா விழும்லா" என்றார் அண்ணாச்சி.

அவன் உட்கார்ந்திருந்த பழைய கம்ப்யூட்டர் முழுக்கப் பிலோமி அக்காவிடம் போய்விட்டது. அதில் சுங்கத்துறை வேலைக்கென்று இருந்த பிரவுசரை முன்பும் அவள்தான் திறப்பாள். காலையில் அவள்தான் அதைப் போடுவாள். அது திணறி முடிக்கும்வரை காவல் மாதிரி பக்கத்திலேயே நிற்பாள். தப்பித் தவறி கிளைட்டன் அந்தப் பக்கம் போனால், "ஒனக்கு என்னலே அங்கன சோலி?" என்பாள். அவன் ஏன் என்று கேட்டதில்லை. அந்த மாதங்களில் அவன் யாரிடமும் எதற்கும் ஏன் என்று கேட்டதில்லை. யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுத்ததும் இல்லை. யாராவது வேலை சொன்னால் "பாப்போம்" என்பான். அது ஒரு மனிதனுக்குப் போதுமான பதில் என்று கண்டுபிடித்திருந்தான்.

போன வெள்ளிக்கிழமை மட்டும் வாய் தவறிவிட்டது. வெள்ளத்துரை வந்திருந்தார். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் சரக்குக் கிட்டங்கி வைத்து நிலாவாரை இலையைக் காயப்போட்டு ஜெர்மனிக்கு அனுப்புகிறவர். மலச்சிக்கலுக்கு மருந்து செய்யும் இலை. போன மாதம் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதால் அவருடைய கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. அவர் சத்தம் போட்டிருந்தால் கிளைட்டன் பேசாமல் இருந்திருப்பான். அவர் சத்தம் போடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ விட்டா அந்தக் கம்பெனிக்காரன் வேற எடத்துல வாங்கிக்கிடுவான் தம்பி. எழுதியே அனுப்பிட்டான்" என்று தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தத் தடவ நான் பாத்துக்கிடுதேன்" என்று யாரோ சொல்வது கேட்டது. கிளைட்டன்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு கப்பல் ஏஜென்டிடமிருந்து மெயில் வந்தது. கப்பல் முன்னதாக வருகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மூடுவதாக இருந்த கேட் பகல் ஒரு மணிக்கே மூடப்படும். வெள்ளத்துரையின் கன்டெய்னர் முத்தையாபுரத்தில் லாரியில் ஏறி நின்றது. அது கேட்டுக்குள் நுழைய ஷிப்பிங் பில் நம்பர் வேண்டும். நம்பருக்குச் சுங்கத்துறைத் தளத்தில் காகிதம் ஏற்ற வேண்டும். ஏற்றினால் அண்ணாச்சியின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோங்கிளில் இருந்தது. அது பழைய கம்ப்யூட்டரில் மட்டும், அதிலும் அந்த ஒரு பிரவுசரில் மட்டும் வேலை செய்யும்படி பதிவாகியிருந்தது. மாற்றிப் பதிவு செய்ய நாலு நாள் ஆகும்.

பிலோமி அக்கா வேம்பாரில் இருந்தாள். தங்கச்சி பேரனுக்கு ஞானஸ்நானம். செவ்வாய் காலை பத்துக்குள் வந்துவிடுவதாகவும் அதுவரை கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கிளைட்டன் ஒன்பது பத்துக்கு அதன் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"பிலோமி வரட்டும்லா" என்றார் அண்ணாச்சி.

"ஒரு மணிக்கு கேட்டு அண்ணாச்சி."

கிளைட்டன் பொத்தானை அமுக்கினான்.

கம்ப்யூட்டர் எழுந்ததில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம். பிரவுசரைத் தட்டியதும்தான் மாவு மில் தொடங்கியது. எந்த வேலை எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்று காட்டும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தான். பிராசசர் நூற்றுக்கு நூறு. நூறுக்கு மேலே எண் இல்லாததால் அங்கே நின்றது. நாற்பது நிமிடம் காத்திருந்தான். சுங்கத்துறைத் தளம் ஒருவழியாகத் திறந்தது. டோங்கிளைச் செருகினான். எண்ணைக் கேட்டது. எண்ணைக் கொடுத்தான். வட்டம் சுற்றியது, திரை வெளுத்தது, பிரவுசர் தானாக மூடிக்கொண்டது.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. மறுபடி திறந்தால் மறுபடி நாற்பது நிமிடம்.

பாண்டியராஜுக்குப் போன் செய்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். ஒரு வருஷமாக இதற்கு வைத்தியம் பார்ப்பவன். தூசி தட்டியிருந்தான், மெமரி கூட்டியிருந்தான், பிராசசர்மேல் புதுப் பசை தடவியிருந்தான், வைரஸ் தேடி நாலு முறை ஏமாந்திருந்தான்.

"பார்மட் அடிச்சிருவோம்ணே" என்றான்.

"அடிச்சா டோங்கிள் நாலு நாள் தூங்கும். பிரவுசருக்குள்ள என்ன ஓடுதுன்னு பாத்தியா?"

"பாக்கவா? அண்ணாச்சி மொத நாளே சொல்லிட்டாவ, பிரவுசருக்குள்ள கை வைக்கப்பிடாதுன்னு. வயித்துவலின்னு வந்துட்டு வயித்தத் தொடாதங்கான். டாக்டரு என்ன செய்வான்? காலத்தான் அமுக்கணும். ஒரு வருஷமா கால அமுக்குதேன்."

கிளைட்டன் போனை வைத்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி நாள்காட்டியில் எதையோ தேடினார். அது தேதி கிழிக்கும் நாள்காட்டி. தேட அதில் ஒரு தாள்தான் உண்டு.

வெள்ளத்துரை கூப்பிட்டார். "தம்பி, லாரி முத்தையாபுரத்துல நிக்கி. நம்பரு வந்துட்டா?"

"வந்துரும்."

"அங்கன ஜெர்மனில ஒருத்தன் ஒரு மாசமா வயிறு எளகாம உக்காந்திருக்கான் தம்பி. அவன் சாபம் நமக்கு வேண்டாம்." சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. "வெளையாட்டுக்குச் சொல்லல. சத்தியமா இதான் கடைசி வாய்ப்பு."

கிளைட்டன் வேலையில் இறங்கினான். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லறை இணைப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டுத் திறந்தான். நூறு. சேர்ந்துகிடந்த பழைய குப்பையை அழித்துவிட்டுத் திறந்தான். நூறு. பிறகு பின்னால் குனிந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்தான்.

நாலு. மாவு மில் நின்றது. டேபிள் ஃபேன் ஓடுவது அன்றைக்குத்தான் அந்த அறையில் கேட்டது.

ஆக, கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. பிரவுசர் திறந்ததும் வெளியிலிருந்து எதையோ இழுக்கிறது. வயர் இல்லாமலே அமைப்புகளுக்குள் போனான். 'தொடங்கும்போது திறக்க வேண்டிய பக்கங்கள்' என்ற இடத்தில் ஒரு பட்டியல் இருந்தது. மூன்று பக்கம் இருக்கலாம், நாலு இருக்கலாம். அது கீழே போய்க்கொண்டே இருந்தது. திருச்செந்தூர், திருப்பதி, பனிமய மாதா, பழனி, வேளாங்கண்ணி, நாகூர், சபரிமலை, மறுபடி திருப்பதி. பெயர் இல்லாமல் வெறும் முகவரியாகச் சில.

"அண்ணாச்சி, இருபத்தேழு இருக்கு."

"எண்ணிட்டியா" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

"இது யாரு போட்டது?"

"நாந்தான். பிலோமி கைய வச்சு."

விஷயம் இதுதான். மற்றவர்கள் காரியம் முடிந்தால் மொட்டை போடுவதாக நேர்ந்துகொள்வார்கள், கிடா வெட்டுவதாக நேர்ந்துகொள்வார்கள். அண்ணாச்சிக்கு முடியும் இல்லை, கறியும் ஆகாது. அவர் தொழிலுக்கு ஏற்ற மாதிரி ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். 'இந்தக் காரியத்த முடிச்சிக் கொடு. தெனமும் மொதத் திறப்பு ஒனக்குத்தான்.' அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டரில் காலையில் முதலில் திறப்பது அந்தச் சாமியின் பக்கமாக இருக்கும். ஒரு சாமியோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. அண்ணாச்சியின் காரியங்கள் ஏழு வருஷமாக முடிந்துகொண்டே இருந்தன. எல்லாருக்கும் முதல் திறப்பு வாக்களிக்கப்பட்டிருந்தது. எல்லாரும் ஒரே நொடியில் திறந்தார்கள்.

"இருபத்தேழும் ஒண்ணா தொறக்கு அண்ணாச்சி. பாதி நேரலை. அதான் திணறுது."

"கூட்டம்னா நெரிசல் இருக்கத்தான செய்யும். சஷ்டிக்குத் திருச்செந்தூர்ல இல்லாத நெரிசலா?"

"பாதிய எடுத்துருவோம்."

"எந்தப் பாதிய?"

கிளைட்டன் பட்டியலைப் பார்த்தான். அவனுக்கு இதில் யாரிடமும் கணக்கு வழக்கு இல்லை. யாரை எடுத்தாலும் ஒன்றுதான்.

"சபரிமல. நட சாத்தியிருக்கு. கதவுதான் தெரியும்."

"கதவு தெரியும்லா."

"நாகூர்?"

"நம்ம மீரான் சரக்கு கொழும்புல மாட்டுனப்பம் போட்டது. ரெண்டே நாள்ல விட்டான். எடுத்தா திரும்ப மாட்டும்."

"திருப்பதி ரெண்டு தடவ இருக்கு."

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எம் மவன் சிவப்பிரகாஷ் பரிச்ச பாசாவதுக்கு."

"அவனுக்குக் கல்யாணமே ஆயிட்டே அண்ணாச்சி."

"பாசாயிட்டான்லா. அப்பம் எப்பிடி எடுக்க?"

"குத்தாலம் அருவி?"

அண்ணாச்சி யோசித்தார். "அது சாமி இல்ல. சீசன் பாக்கதுக்குப் போட்டது. அத வேணா எடு."

பேச்சுவார்த்தையில் முக்கால் மணி நேரம் கரைந்து, விழுந்தது ஒரு அருவி மட்டும். மணி பத்து ஐம்பது. பிலோமி அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் இரைச்சல்.

"ஏலே கிளைட்டா, நீயா கம்ப்யூட்டர்ல இருக்க? அண்ணாச்சி மெசேஜ் போட்டிருக்காவ."

"ஆமாக்கா. எங்க இருக்க?"

"இப்பந்தான் பஸ் கெடச்சி. நீ எந்திரி அங்கன இருந்து. நான் வந்து பாக்கேன்."

"நீ வர்றதுக்குள்ள கேட்டு சாத்திருவான்."

"சாத்துனா சாத்திட்டுப் போறான். ஒலகத்துல வேற கப்பலா இல்ல? எந்திரிலே நீ."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். எண் பிலோமி அக்காவுடையதுதான். இருபது வருஷத்தில் ஒரு கப்பலையும் தவறவிடாதவள், போன மாதம் ஒன்று போனதற்கு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள், கப்பல் போனால் போகட்டும் என்கிறாள். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றியது.

கேட்கவில்லை. வயரைச் செருகினான்.

பிரவுசருக்கென்றே தனியாக ஒரு கணக்கு உண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு தின்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டும். எல்லாம் திறந்து முடிய அரை மணி நேரம் ஆனது. அதிகம் தின்கிறவரை மேலே காட்டச் சொன்னான். திருச்செந்தூர் இரண்டு சதவீதம். திருப்பதி இரண்டு, இன்னொரு திருப்பதியும் இரண்டு. சபரிமலைக் கதவு ஒன்று. பிள்ளையார்பட்டி ஒன்றுக்கும் கீழே. எல்லாரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். அத்தனை பேரையும் கூட்டினால் இருபத்தைந்துகூடத் தாண்டவில்லை.

மேலே ஒரு பக்கம் மட்டும் எழுபத்தொன்றில் நின்றது. பெயர் இல்லாத முகவரிகளில் ஒன்று.

"அத விட்ருலே" என்றார் அண்ணாச்சி. அவர் எப்போது எழுந்து பின்னால் வந்தார் என்று தெரியவில்லை.

கிளைட்டன் அதைத் திறந்தான்.

கடற்கரையில் எங்கோ, குகை மாதிரிக் கட்டிய ஒரு சின்ன மாதா கெபி. அதன் பெயரில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் யாரோ ஒரு பிள்ளை எழுதிப்போட்ட பக்கம். பெயரையும் கருத்தையும், அதாவது வேண்டுதலையும், தட்டினால் திரையில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். தினமும் புதிதாக ஒன்று ஏற்று என்று சொல்லிவைத்தால் தானே ஏற்றிக்கொள்ளும். பழையது அணையாது. திரை முழுக்க வரிசை வரிசையாகச் சுடர்கள் ஆடிக்கொண்டிருந்தன. மேலே எண்ணிக்கை போட்டிருந்தது. நானூற்று நாற்பத்தொன்று.

ஒவ்வொரு சுடரும் தனித்தனியாக வரையப்பட்டது என்பதைத்தான் அவன் முதலில் கவனித்தான். நொடிக்கு அறுபது தடவை, நானூற்று நாற்பத்தொரு சுடர். ஒன்றை வரைந்து மற்றதெல்லாம் அதன் நகல் என்று எழுதியிருந்தால் இந்தப் பாடே இல்லை. இரண்டாம் வருஷத்துப் பையன்கூட இப்படி எழுதமாட்டான்.

பிறகுதான் சுடருக்குக் கீழே இருந்ததைப் படித்தான்.

'அனிஷா கிளைட்டன். கருத்து: பூரண சுகம்.'

எல்லாவற்றுக்கும் கீழே அதுதான். அதற்குக் கீழே தேதி. முதல் மெழுகுவர்த்தி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள். அங்கிருந்து விரலை வைத்து எண்ணிக்கொண்டு போனான். பத்தொன்பதாவதுக்கு வந்தான். அதற்கு அடுத்து இருபதாவது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரே உயரம், ஒரே சுடர், ஒரே கருத்து. அவள் பூரண சுகம் பெற நேற்றைக்கும் ஒன்று ஏற்றப்பட்டிருந்தது. இன்றைக்கும்.

அண்ணாச்சி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒன்ன ஆஸ்பத்திரி வராண்டால பாத்துட்டு வந்த அன்னைக்குப் போட்டது. எங்க ஆளுக எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அவ ஒங்க கோயில் பிள்ளல்லா. ஒங்க பக்கமும் ஒருத்தர்ட்ட சொல்லி வைப்போம்னு பிலோமிய கேட்டேன். அவ இதக் கொண்டாந்தா."

"பெறகு ஏன் எடுக்கல?"

"காரியம் நடந்தா எடுக்கப்பிடாது. அது தெரியும். நடக்கலன்னா..." அண்ணாச்சி கையை விரித்தார். "அதுக்கு என்ன மொறன்னு யாருக்கும் தெரியலியே. பிலோமி அவ கோயில் சாமியார்ட்ட கேட்டா. அவரு தனக்கு கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாதுன்னுட்டாரு."

"சும்மா எடுத்திருக்கலாம்."

"யாரு எடுக்க? எடுத்தா, அவ போயிட்டான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரில்லா. நீ எடுன்னேன். நீங்க எடுங்கன்னா. பெறகு ரெண்டு பேரும் அதப் பேசல. நீ வேலைக்கு வந்தப்பம் ஒன் கண்ணுல பட்ரப்பிடாதேன்னு மேசய மாத்துனோம்."

ஜன்னலோரத்து வெளிச்சம். புது லேப்டாப். காலையில் காவல் நிற்கும் பிலோமி அக்கா. பிரவுசரைத் தொடாமல் வைத்தியம் பார்த்த பாண்டியராஜ். வெள்ளத்துரையின் போன மாதத்துக் கப்பல். ஒரு வருஷமாக ஒரு ஆபீஸே அவனுக்காக மெதுவாக நடந்திருக்கிறது. அவனோ, இந்த ஆபீஸ் இப்படித்தான் என்று நினைத்திருந்தான்.

"இது ஒண்ணுதான் மிசின இந்தப் பாடு படுத்துதுன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாது. ஃபேன் போட்டா சரியாயிரும்னு நெனச்சேன்."

மணி பதினொன்று நாற்பது. போன் அதிர்ந்தது. வெள்ளத்துரை. கிளைட்டன் எடுக்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்து அது மேசை விளிம்புவரை வந்து நின்றது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "கிளைட்டா, ஒண்ணு செய்வோம். மத்தத எல்லாத்தையும் எடு. இருபத்தஞ்சையும் எடுத்துரு. நான் அவங்க கிட்ட சொல்லிக்கிடுதேன். இத மட்டும் விட்டுரு."

"திருச்செந்தூரையுமா?"

அண்ணாச்சிக்குப் பெயர் வைத்ததே அந்த ஊர்ச் சாமியை வைத்துத்தான். அவர் கண்ணை மூடித் திறந்தார். "எடு. அவரு என் ஆளு. புரிஞ்சிக்கிடுவாரு."

காலையிலிருந்து ஒரு மூடிய கதவைக்கூட விட்டுக்கொடுக்காதவர். கிளைட்டன் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னான்.

"எடுத்தாலும் ஆகாது அண்ணாச்சி. அவங்க அத்தன பேரும் சேந்து இருபத்தஞ்சுதான். இது ஒண்ணே எழுபது."

"அப்பம் கப்பல் போவட்டும். வெள்ளத்துரைட்ட நான் பேசுதேன். கால்ல வேணாலும் விழுதேன்."

அவர் சொன்னதைச் செய்வார். அது கிளைட்டனுக்குத் தெரியும். ஜெர்மனிக்காரன் வேறு எங்காவது இலை வாங்குவான். புதுக்கோட்டைக் கிட்டங்கியில் வெள்ளத்துரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இங்கே, நானூற்று நாற்பத்திரண்டாவது நாளைக்கு ஏறும். பூரண சுகத்துக்கு.

"அவருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன் அண்ணாச்சி" என்றான்.

பட்டியலுக்குப் போனான். அந்த முகவரிக்குப் பக்கத்தில் இருந்த மூன்று புள்ளியைத் தட்டினான். 'நீக்கு' என்றிருந்தது. தட்டினான். உறுதியாகத்தானா என்று அது கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் கேட்கும், இதற்குக் கேட்கவில்லை. வரி மறைந்து கீழே இருந்தவை ஒரு படி மேலே ஏறிக்கொண்டன.

"மத்தவங்க இருக்கட்டும்" என்றான். "அவங்களால தொந்தரவு இல்ல."

அண்ணாச்சி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பிரவுசரை மூடித் திறந்தான். இருபத்தைந்து பேரும் வந்து உட்கார நாலு நிமிடம் ஆனது. பிராசசர் அறுபதுவரை ஏறி, இறங்கி, இருபதில் அமைதியானது. காகிதம் ஏறியது. டோங்கிள் எண்ணைக் கேட்டது, கொடுத்தான், ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு பதினாறுக்கு நம்பர் வந்தது. லாரி டிரைவருக்கு அனுப்பினான். வெள்ளத்துரைக்கும் அனுப்பினான். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு வெள்ளத்துரை கூப்பிட்டார். "உள்ள போயிட்டு தம்பி. டிரைவரு போட்டோ அனுப்பிருக்கான். பின்னால வந்த ரெண்டு வண்டிய நிப்பாட்டிட்டானாம்." மூச்சு வாங்கினார், அவரே லாரியைத் தள்ளிக்கொண்டு போனவர் மாதிரி. "ஒம்ம கையெழுத்தா, அண்ணாச்சி கையெழுத்தா, யாருது ராசின்னு தெரியல. நல்லா இருங்க."

"சரிங்க."

பிலோமி அக்கா ஒன்று பத்துக்குப் படியேறி வந்தாள். ஒரு கையில் குடை, மறு கையில் ஞானஸ்நான வீட்டுப் பணியாரப் பொட்டலம். வாசலிலேயே நின்று அறையைக் கேட்டாள். இரைச்சல் இல்லை. அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"பாத்துட்டியாலே?"

"பாத்தேன்."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

அவள் பொட்டலத்தைக் கம்ப்யூட்டர் மேசையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "இங்கனதான் எடுத்திருக்க. அங்கன அது பாட்டுக்கு ஏறும். நிப்பாட்டலாம்னா அந்தக் கணக்கு என் பழைய நம்பர்ல போட்டது. அந்த சிம்மு போயிட்டு. ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் போவுது. நானும் எத்தனயோ தடவ..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜன்னல் பக்கமிருந்து அண்ணாச்சி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பதினான்கு மாதமாக இரண்டு பேரும் கம்ப்யூட்டரின் இரைச்சலுக்குப் பின்னால் அடக்கிவைத்திருந்ததெல்லாம் அது நின்றதும் வெளியே வந்துவிட்டது. கிளைட்டனுக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். ஒன்றை அக்காவுக்கு முன்னால் வைத்தான். ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்தான். துக்கம் கேட்க வந்த வீட்டில் வீட்டுக்காரனே தண்ணீர் கொடுப்பது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவளைப் பற்றி அவன் வாய்விட்டுப் பேசி எவ்வளவு நாளாகிவிட்டது என்று தெரியவில்லை. எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததைச் சொன்னான்.

"அனிஷாவுக்கு மெழுகுவத்தி ஆகாதுக்கா."

பிலோமி அக்கா நிமிர்ந்தாள்.

"அந்தப் பொக பட்டாலே தும்முவா. ஒண்ணு ரெண்டு இல்ல. பத்துப் பதினஞ்சு. கோயில்ல பீடத்துப் பக்கமே வரமாட்டா. கடைசி பெஞ்சில, கதவு ஓரமா இருப்பா. எங்க கல்யாணத்தன்னைக்கு ஆளுக்கொரு மெழுகுவத்தியக் கையில குடுத்துட்டாங்க. சாமியார் மந்திரிச்சி முடிக்கிறதுக்குள்ள ரெண்டையும் தும்மியே அணச்சிட்டா."

முந்தானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையாகத் தொடங்கியது, பாதியில் வேறாகிவிட்டது. பிலோமி அக்காவின் தோள் குலுங்கியது. "நானூத்தி நாப்பத்தொண்ணு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி ஜன்னலிலிருந்து திரும்பினார். முகம் சிவந்திருந்தது. நிஜமாகவே கோபப்பட்ட மாதிரித்தான் இருந்தது.

"ஏலே, அத நீ அப்பமே சொல்லப்பிடாதா? தெரிஞ்சிருந்தா வேற ஆளுட்டல்லா சொல்லியிருப்பேன்."